ஃப்ரீ ஃபங்க்: "என்ன சத்தம் இது?" என்று கேட்பவர்களுக்கு

நான் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று வேனில் போகும்போது என் போன் ஸ்பீக்கரோடு இணைந்துவிட்டால் இந்த இசைதான் வரும். இரண்டாவது நிமிஷத்தில் பின்சீட்டிலிருந்து யாராவது "என்னண்ணே இது" என்று ஆரம்பிப்பார்கள். பல வருஷமாக அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

"ஃப்ரீ ஃபங்க்னா என்னண்ணே? சுருக்கமா சொல்லுங்க."

கீழே பேஸும் டிரம்ஸும் காலைத் தட்ட வைக்கிற மாதிரி ஒரே ஓட்டமாக ஓடும். மேலே சாக்ஸபோனும் கிட்டாரும் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவிடும் கூட்டு), ஸ்கேல் (சுர வரிசை) என்ற எந்த வேலியும் இல்லாமல் அதது தன் போக்கில் போகும். இரண்டும் ஒரே பாட்டுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும். 1970-களில் அமெரிக்கக் கறுப்பின இசைக்காரர்கள் ஃப்ரீ ஜாஸையும் ஃபங்கையும் சேர்த்துக் கட்டியது இது.

"ஃப்ரீ" என்றால் டவுன்லோடு இலவசமா என்று ஒரு தம்பி கேட்டான். இல்லை.

"ஃபங்க்னா டிஸ்கோ மாதிரியா?"

டிஸ்கோவுக்கு முந்தியது, அதைவிடப் பிசுபிசுப்பானது. ஜேம்ஸ் பிரவுன் 1967-இல் 'கோல்ட் ஸ்வெட்' என்று ஒரு பாட்டு வெளியிட்டார். அதில் பேஸ், கிட்டார், டிரம்ஸ், ஊதுகருவிகள் எல்லாமே தாளவாத்தியமாகிவிடும். ஒவ்வொன்றும் சின்னதாக ஒரு துண்டு வைத்திருக்கும், அதையே திரும்பத் திரும்ப வாசிக்கும், எல்லாரும் முதல் அடியில் வந்து விழுவார்கள். "தி ஒன்" என்று அவர் ஓயாமல் சொன்னது அந்த முதல் அடியைத்தான். நமக்கு சமம் என்றால் தெரியும், அதனால் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, கார்டு. சாதாரண சினிமாப் பாட்டில் இரண்டு வரிக்கு நாலு கார்டு மாறும். இந்த மாதிரிப் பாட்டிலோ ஒரே கார்டில் நிமிஷக்கணக்கில் நிற்பார்கள். 'கோல்ட் ஸ்வெட்'டை பிரவுனோடு சேர்ந்து உருவாக்கிய பீ வீ எல்லிஸ் ஜாஸ் பின்னணிக்காரர். அந்தப் பாட்டின் ஊதுகருவிப் பகுதிக்கு ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே ஃபங்கும் ஜாஸும் ஆரம்பத்திலிருந்தே சொந்தக்காரர்கள்தான்.

"சரி, ஃப்ரீ ஜாஸ்? அது சும்மா இஷ்டத்துக்கு ஊதறதுதானே?"

ஆர்னெட் கோல்மன் என்று ஒருவர். 1930-இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்தவர், ஆல்டோ சாக்ஸ், கொஞ்ச காலம் பிளாஸ்டிக்கில் செய்த சாக்ஸைக்கூட வாசித்தார். 1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் அவருடைய குழு வாசித்தபோது ஊரே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் மேதை என்றார்கள், இன்னொரு பக்கம் ஏமாற்றுக்காரன் என்றார்கள். அதுவரை ஜாஸில் சோலோ வாசிப்பவர் பாட்டின் கார்டு வரிசைக்குள்தான் ஓட வேண்டும். இவர் அந்த வரிசையை எடுத்துவிட்டு, மெட்டு எங்கே கூட்டிப்போகிறதோ அங்கே போனார். 1960 டிசம்பரில் இரண்டு நால்வர் குழுக்களை ஒரே நேரத்தில் வாசிக்க விட்டு 37 நிமிஷத்துக்கு ஒரே துண்டாகப் பதிவு செய்தார். ஆல்பத்தின் பெயரே 'ஃப்ரீ ஜாஸ்'.

இப்போது முந்தைய பதிலைச் சேர்த்துப் பாருங்கள். ஃபங்க் ஆடுவதற்காகக் கார்டு மாற்றத்தை விட்டது, ஃப்ரீ ஜாஸ் ஓடுவதற்காக விட்டது. காரணம் வேறு, ஆனால் காலி செய்தது ஒரே வீட்டை. அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து குடிவந்ததுதான் ஃப்ரீ ஃபங்க் என்பது என் கட்சி.

"ஃப்யூஷன், ஜாஸ்-ஃபங்க்னு எல்லாம் இருக்கே, அதுதானே இது?"

இல்லை. கீபோர்டுக்காரர் ஹெர்பி ஹான்காக்கின் 1973 'ஹெட் ஹன்டர்ஸ்' எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம், பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் அதில் பேஸ் வீடு கட்டிக் கொடுக்கும், கீபோர்டு அந்த வீட்டுக்குள் இருந்து அழகாக வாசிக்கும். ஃப்ரீ ஃபங்கில் அந்த முன்வரிசை, பின்வரிசை கிடையாது. பேஸ் வாசிப்பவரும் அதே நேரம் சோலோதான் வாசிக்கிறார், ஆனால் ஆட்டம் நிற்காது. ஜாஸையும் ராக்கையும் கலந்து வேகம் காட்டும் ஃப்யூஷனும் வேறு. அங்கே எல்லாரும் கச்சிதமாக ஒரே இடத்தில் நிற்பதுதான் பெருமை.

"அப்போ இதை ஆரம்பிச்சது ஆர்னெட்தானா?"

பெயர் வாங்கியது அவர். ஆனால் அவர் எலெக்ட்ரிக் பக்கம் வருவதற்கு முன்பே சிலர் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ என்ற ஃப்ரீ ஜாஸ் குழுவினர் 1970-இல் பாரீஸில் 'தேம் த யோயோ' பதிவு செய்தார்கள், அட்டகாசமான ஃபங்க் பேஸ், அதன் மேல் ஃபான்டெல்லா பாஸின் குரல், நடுநடுவே ஊதுகருவிகள் பிய்த்துக்கொண்டு போகும். 1972-இல் மைல்ஸ் டேவிஸ் 'ஆன் தி கார்னர்' போட்டார். வெளிவந்தபோது விமர்சகர்கள் காறித் துப்பாத குறை. யார் யார் வாசித்தார்கள் என்றுகூட அவர் உறையில் போடவில்லை. இன்றைக்கு அதே ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

அதே 1972-இல் செயின்ட் லூயிஸில் சாக்ஸ்காரர் ஜூலியஸ் ஹெம்ப்ஹில் 'டோகோன் ஏ.டி.' பதிவு செய்தார். சாக்ஸ், டிரம்பெட், செல்லோ, டிரம்ஸ், அவ்வளவுதான். பேஸ் கிட்டாரே கிடையாது. அப்துல் வதூத் செல்லோவில் 11 எண்ணிக்கையில் ஒரு துண்டைக் கரகரவென்று இழுத்துக்கொண்டே இருப்பார், முதல் தடவை கேட்டபோது வண்டியில் ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். மின்சாரமே இல்லாமல் இவ்வளவு ஃபங்க்கான ஒன்றை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இன்னொரு விஷயம், ஆர்னெட்டும் ஹெம்ப்ஹில்லும் கீழே வரப்போகிற டிரம்ஸ்காரர் ரொனால்ட் ஷானன் ஜாக்சனும் ஃபோர்ட் வொர்த்காரர்கள். நிறவெறிச் சட்டக் காலத்தில் அங்கே கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ஐ.எம். டெரல் பள்ளியின் வாத்தியக் குழுவைத் தனியாகவே ஒரு புத்தகமாக எழுதலாம்.

"ஆர்னெட் எலெக்ட்ரிக்குக்கு மாறினது காசுக்காகத்தானே?"

இதை அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். ஆனால் அவர் சாக்ஸ் கற்றுக்கொண்டதே டெக்சாஸ் சாராயக்கடை மேடைகளில், ரிதம் அண்ட் ப்ளூஸ் வாசித்துத்தான். ஆட வந்த கூட்டத்துக்குப் பிடிக்காத மாதிரி ஒரு சோலோ வாசித்ததற்காக லூசியானாவின் பேட்டன் ரூஜில் அவரை அடித்துப்போட்டு, சாக்ஸையும் உடைத்தார்கள். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஆகவே 1970-களில் அவர் ஃபங்க்குக்குப் போனதை நான் ஊர் திரும்பியதாகத்தான் பார்க்கிறேன். மெட்டும் வேண்டும், ஆட்டமும் வேண்டும், இந்தத் தடவை யாரும் அடிக்கக் கூடாது.

இன்னொன்றும் நடந்தது. 1973-இல் மொராக்கோவின் ஜோஜூகா கிராமத்துக்குப் போய், அங்குள்ள நாயன, முரசுக் கலைஞர்களோடு வாசித்தார். மணிக்கணக்கில் ஒரே தாளம், அதற்குள் பலர் ஒரே நேரத்தில் ஊதுவது. அந்தப் பதிவின் ஒரு துண்டு 1977-இல் வந்த 'டான்ஸிங் இன் யுவர் ஹெட்' ஆல்பத்தின் கடைசியில் இருக்கிறது. அவருடைய எலெக்ட்ரிக் குழு ப்ரைம் டைம் முதலில் வெளியே தெரிந்ததும் அந்த ஆல்பத்தில்தான். காசு விஷயத்துக்கு வந்தால், 1979-இல் பதிவான 'ஆஃப் ஹியூமன் ஃபீலிங்ஸ்' கடைக்கு வர 1982 ஆனது. காசுக்கு ஓடுகிறவர் மூன்று வருஷம் டேப்பை வைத்துக்கொண்டு உட்கார மாட்டார்.

"எதிலேருந்து ஆரம்பிக்கலாம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

இப்போது சொன்ன 'ஆஃப் ஹியூமன் ஃபீலிங்ஸ்'. பாட்டுகள் சின்னவை, ஒலி சுத்தம் (டிஜிட்டல் பதிவு அரிதாக இருந்த காலத்தில் டிஜிட்டலில் பதிந்தது). முதல் தடவை சாக்ஸை விட்டுவிடுங்கள். பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அது ஜமாலதீன் டக்கூமா, ஃபிலடெல்ஃபியா பையன், இருபது வயதை ஒட்டி ஆர்னெட்டிடம் சேர்ந்தவர். அவர் வரி ஒன்றை நான் ஒரு மதியம் முழுக்கப் பழகிப் பார்த்தேன். நாலு பார் (தாளச் சுற்று) பிடிபட்டதும் ஐந்தாவது பாரில் அதையே வேறு சுரத்திலிருந்து தொடங்கிவிடுகிறார், விரல் கொப்பளித்ததுதான் மிச்சம். ஆனால் உருட்டு மட்டும் ஒரு இடத்திலும் தடுக்காது.

இரண்டாவது தடவை சாக்ஸ். மூன்றாவது தடவை இரண்டு கிட்டார், பெர்ன் நிக்ஸும் சார்லஸ் எல்லர்பீயும். மூன்று தடவைக்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், தப்பொன்றும் இல்லை.

"'டான்ஸிங் இன் யுவர் ஹெட்' போட்டேன். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருது, ரிப்பீட் பட்டன் அமுங்கிடுச்சோன்னு பார்த்தேன்."

அமுங்கவில்லை, அதுதான் பாட்டு. குழந்தைகள் வட்டமாக நின்று பாடுகிற மாதிரி ஒரு சின்ன மெட்டு, முடிகிற இடத்திலேயே மறுபடி தொடங்கும், நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். நாலாவது தடவை எரிச்சல் வரும். அதற்கு மேல் காது மெட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றி நடப்பதைக் கேட்க ஆரம்பிக்கும். கிட்டார் ஒவ்வொரு சுற்றிலும் வேறு மாதிரி உரசுகிறது, டிரம்ஸ் வேறு இடத்தில் இடிக்கிறது. சோலோ தொடங்கும்போது மெட்டு உங்கள் தலைக்குள் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆல்பத்தின் பெயரை இன்னொரு தடவை படியுங்கள்.

அந்த மெட்டு அவர் 1972-இல் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு பதிவு செய்த 'ஸ்கைஸ் ஆஃப் அமெரிக்கா'விலிருந்து வந்தது. ஆர்க்கெஸ்ட்ரா மெட்டை எடுத்து ஃபங்க் குழுவுக்குக் கொடுத்தவர் அவர்.

"ஆளாளுக்கு ஒரு சுருதியில வாசிக்கிறாங்களே, அது தெரியாமலா தெரிஞ்சா?"

தெரிந்துதான். அதற்கு ஆர்னெட் வைத்த பெயர் ஹார்மோலோடிக்ஸ். ஹார்மனி, அசைவு, மெலடி மூன்றும் சரிசமம், ஒன்று இன்னொன்றுக்கு வேலைக்காரன் இல்லை என்பது அதன் சாரம். அவர் விளக்கியதைக் கேட்டு அவர் குழுவினரே தலையைச் சொறிந்திருக்கிறார்கள், ஆகவே நான் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

ஆல்டோ சாக்ஸில் 'சி' என்று எழுதியதை ஊதினால் பியானோவில் 'இ ஃப்ளாட்' கேட்கும். நம் கணக்கில் சொன்னால் 1 கட்டை என்று எழுதியிருக்கும், வருவது 2½ கட்டை. சின்ன வயதில் தானே சாக்ஸ் கற்ற ஆர்னெட்டுக்கு இந்தச் சுரக் கணக்கு முதலில் பிடிபடவே இல்லை, தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார். வேறு யாராவது என்றால் திருத்திக்கொண்டு மறந்திருப்பார்கள். இவர் யோசித்தார்: ஒரே மெட்டை ஆளாளுக்கு அவரவர் கட்டையில் வாசித்தால் என்ன? மெட்டின் வடிவம் ஒன்றுதானே? நம் கச்சேரியில் தம்புராவை விட்டு யாராவது விலகினால் பக்கவாத்தியக்காரர் முறைப்பார். அங்கே தம்புராவே இல்லை, ஒருவர் விலகினால் மற்றவர்கள் அந்தத் திசையில் எட்டிப் பார்ப்பார்கள்.

"எழுதி வெச்சு வாசிக்கிறதா, அப்பப்போ வர்றதா?"

இரண்டும். மெட்டு எழுதியது, எல்லாரும் மனப்பாடம். மெட்டு முடிந்த பிறகு யார் எங்கே போவது என்பது எழுதப்படாதது. ப்ரைம் டைம் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த குழு. இஷ்டத்துக்கு வாசிக்க எதற்கு ஒத்திகை என்று கேட்பீர்கள். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழ வேண்டும், அதற்குத்தான் ஒத்திகை. எங்கள் குழுவில் மூன்று பேர் பேசினாலே யாருக்கும் எதுவும் கேட்பதில்லை.

"ஜேம்ஸ் பிளட் அல்மர் கிட்டார் டியூன் பண்ணவே இல்லையா?"

டியூன் செய்திருக்கிறார், ஆனால் வேறு மாதிரி. எல்லாத் தந்தியையும் ஒரே சுரத்துக்கு, வெவ்வேறு ஸ்தாயியில் சேர்த்துக்கொள்ளும் முறை ஒன்று அவருக்கு உண்டு. அதனால் வழக்கமான கார்டு வடிவம் எதுவும் வராது, ஒரே சுரம் பல தந்தியில் முணுமுணுக்கும், கூடவே ரீங்காரம். தெற்கு கரோலினாவில் பிறந்து ஆர்கன் குழுக்களில் வாசித்து வளர்ந்தவர், ஆர்னெட்டோடு சேர்ந்த பிறகு கிட்டாரே மாறிப்போனது. 1980-இல் வந்த 'ஆர் யூ கிளாட் டு பி இன் அமெரிக்கா?' கேளுங்கள். அதில் ஒரு பாட்டின் பெயரை அப்படியே தமிழில் சொன்னால்: ஜாஸ்தான் வாத்தியார், ஃபங்க்தான் பிரசங்கியார். முதல் பதிலை நான் இத்தனை வார்த்தையில் எழுதியிருக்க வேண்டியதே இல்லை.

என் ஓட்டு அவருடைய 1983 'ஒடிஸி'க்கு. கிட்டார், வயலின், டிரம்ஸ் மூன்றுதான். பேஸே இல்லை, பேஸ்காரன் நானே சொல்கிறேன், தேவைப்படவில்லை.

"டிரம்ஸ்காரர் பத்திச் சொல்றேன்னீங்களே?"

ரொனால்ட் ஷானன் ஜாக்சன். ஆல்பர்ட் ஐலர், செசில் டெய்லர், ஆர்னெட் என்று ஃப்ரீ ஜாஸின் மூன்று பெரிய தலைகளோடும் வாசித்தவர். ஹை-ஹாட்டில் (டிரம்ஸின் ஜோடித் தட்டுத் தாளம்) நேரம் காட்டுவதைவிட, ராணுவ அணிவகுப்பு மாதிரி தோம்தோமென்று டாம் முரசுகளில் உருட்டுவார். பிறகு டீகோடிங் சொசைட்டி என்று சொந்தக் குழு. அதில் கிட்டார் வாசித்த வெர்னன் ரீட்தான் பின்னாடி லிவிங் கலர் ராக் குழுவைத் தொடங்கியவர். 'மான்டான்ஸ்' (1982) நல்ல தொடக்கம்.

"இது பங்க்கா ஃபங்க்கா? ரெண்டு விதமாவும் எழுதுறாங்க."

எழுத்துப்பிழை இல்லை, இரண்டும் உண்டு! 1970-களின் கடைசியில் நியூயார்க்கில் பங்க் ராக் பையன்கள் வாசித்த இடங்களிலேயே இந்த ஆட்களும் வாசித்தார்கள். ஜேம்ஸ் சான்ஸ் சாக்ஸோடு மேடையிலிருந்து குதித்துப் பார்வையாளர்களோடு கைகலந்தவர். டிராம்போன்காரர் ஜோசப் போவியின் டிஃபங்க்ட் குழு அந்தச் சூழலில் வளர்ந்தது, சந்தேகமே இல்லாமல் ஆட வைக்கிற குழு. அல்மரின் மேலே சொன்ன ஆல்பத்தை வெளியிட்டதும் லண்டனின் ரஃப் டிரேட், பங்க் ஆல்பங்களுக்குப் பேர்போன நிறுவனம்.

இங்கிலாந்தில் ரிப் ரிக் அண்ட் பேனிக் என்ற குழுவில் பாடிய நெனே செர்ரி, டான் செர்ரியின் வளர்ப்பு மகள். டான் செர்ரி யார் என்றால், ஃபைவ் ஸ்பாட்டில் ஆர்னெட் பக்கத்தில் நின்று டிரம்பெட் ஊதியவர்.

"எம்-பேஸ்னு ஒண்ணு இருக்கே, அதுவும் இதுல சேருமா?"

பக்கத்து வீடு என்று சொல்வேன். 1980-களின் நடுவில் ப்ரூக்ளினில் ஸ்டீவ் கோல்மன் (ஆர்னெட்டுக்கு உறவில்லை), கிரெக் ஆஸ்பி, ஜெரி ஆலன், கசாண்ட்ரா வில்சன் எல்லாரும் சேர்ந்து நடத்தியது. அடியில் ஃபங்க் உண்டு, மேலே சுதந்திரமும் உண்டு, ஆனால் நடுவில் கணக்கு வந்துவிடும். பேஸுக்கு ஒரு நீளச் சுற்று, டிரம்ஸுக்கு வேறு நீளச் சுற்று, எப்போது கூடும் என்று காத்திருக்க வேண்டும். கோர்வை கேட்டுப் பழகியவர்களுக்கு எம்-பேஸ்தான் முதலில் பிடிக்கிறது என்பது என் அனுபவம். எங்கள் தபலாக்காரர் ஆர்னெட்டுக்கு முகம் சுளித்தார், ஸ்டீவ் கோல்மனுக்கு விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம ஊர் ஆளுங்க யாராவது இதுல உண்டா?"

துணைக்கண்டத்துக்காரர் ஒருவர், தபலா பாதல் ராய். வங்காளி, நியூயார்க்குக்கு வந்து ஒரு இந்திய உணவகத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே வந்து சேர்ந்து வாசித்த கிட்டார்காரர் ஜான் மெக்லாக்லின். அந்த வழியாக மைல்ஸிடம் போய் 'ஆன் தி கார்னர்'இல் வாசித்தார், பிறகு ப்ரைம் டைமில் சேர்ந்து 1995-இல் 'டோன் டயலிங்'கில் வாசித்தார். இந்த இசையின் இரண்டு பெரிய வீட்டிலும் சாப்பிட்டவர்.

தமிழ் என்று கேட்டால் பியானோ விஜய் ஐயர். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், 1990-களில் ஸ்டீவ் கோல்மனோடு வாசித்தவர். தன் 2009 'ஹிஸ்டாரிசிட்டி' ஆல்பத்தில், மேலே நான் வண்டி கழன்றுவிட்டது என்று நினைத்த அதே 'டோகோன் ஏ.டி.'யை மூவர் குழுவோடு வாசித்திருக்கிறார். அந்த 11 எண்ணிக்கையைப் பியானோவின் இடது கை எடுத்துக்கொள்ளும்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

"இவ்வளவு நல்லா இருந்தா ஏன்ணே யாருக்கும் தெரியல?"

பெரிய கம்பெனிகள் முயற்சி செய்யாமல் இல்லை. கொலம்பியா அல்மரை எடுத்து மூன்று ஆல்பம் போட்டது, அத்தோடு சரி. 1979 ஏப்ரலில் ப்ரைம் டைம் அமெரிக்கா முழுக்கப் பார்க்கிற 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்தது. ஆனால் ஜாஸ் கடையில் வைத்தால் இது சத்தம், ஃபங்க் கடையில் வைத்தால் இது ஜாஸ். ரேடியோக்காரர் எந்த நேரத்தில் போடுவது? ஆர்னெட்டுக்கு 2007-இல் புலிட்சர் பரிசு வந்தது, அதுவும் எலெக்ட்ரிக் இல்லாத ஒரு ஆல்பத்துக்கு.

செத்துப்போகவும் இல்லை. டீகோடிங் சொசைட்டியில் பேஸ் வாசித்த மெல்வின் கிப்ஸ், ஹாரியட் டப்மன் என்ற மூவர் குழுவில் இன்னும் அதே புழுதியைக் கிளப்புகிறார்.

"கடைசியா ஒண்ணு. எல்லாமே ஃப்ரீன்னா, யார் நல்லா வாசிக்கிறா, யார் ஏமாத்தறான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. நான் செய்வது இது: மேலே எல்லாரும் பிய்த்துக்கொண்டு போகும் இடத்தில் ஒலியை நன்றாகக் குறைத்துவிடுவேன். நல்ல குழுவாக இருந்தால் அப்போதும் கால் அசையும், யாரோ ஒருவர் முதல் அடியை எங்கேயோ காப்பாற்றிக்கொண்டிருப்பார், பல நேரம் அது டிரம்ஸ்காரராக இருக்காது. அப்புறம் ஒலியைக் கூட்டி, ஒருவர் புதிதாக ஏதாவது வாசித்தால் மற்றவர் பதில் சொல்கிறாரா என்று பார்ப்பேன். ப்ரைம் டைமில் சாக்ஸ் ஒரு மூன்று சுரத்தைத் தூக்கிப் போட்டால் கொஞ்ச நேரத்தில் அது பேஸில் தலைகாட்டும், கிட்டாரில் உடைந்து விழும். ஏமாற்றுகிறவன் குழுவில் அவனவன் தன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பான்.

போன மாதம் ஒரு வரவேற்பில் சாப்பாட்டு நேரத்துக்கு முந்தின காலியான ஐந்து நிமிஷத்தில் நாங்களும் முயற்சி செய்தோம். நான் 'ஈ'யில் ஒரு உருட்டு பிடித்தேன், கீபோர்டுத் தம்பி கட்டையை மாற்றி மாற்றி விளையாடினான், தபலாக்காரர் 11 எண்ணினார். மூன்றாவது நிமிஷம் பெண்ணின் தாய்மாமா மேடை ஏறிவந்து, "தம்பி, மைக் டெஸ்டிங் முடிஞ்சுதுன்னா பாட்டை ஆரம்பிங்க" என்றார்.